ஹெட்டைத் தூக்குவதற்கு முன்

(ஆவடியில் பட்டறைத் தொழிலாளர்கள், ஓட்டுநர்கள், தொழிற்பயிற்சி மாணவர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"ரேடியேட்டர்ல கம்ப்ரஷன் அடிக்குது சார், ஹெட்டை இறக்கணும்." இந்த வாக்கியத்தைச் சொல்லாத மெக்கானிக் இந்த அரங்கில் உண்டா? இதைக் கேட்டு வயிறு கலங்காத வண்டிக்காரர் உண்டா? டர்போ என்ஜினில் ஹெட் கேஸ்கெட் போனதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மாற்றுவது என்பதுதான் இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் உங்கள் முன் வைக்கப்போவது ஒரே ஒரு கேள்வி. பேச்சு முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன். சலிப்புத் தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அளந்தீர்களா?

இந்தக் கேள்வியை ஆவடியில் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த ஊரில் 1987 முதல் என்ஜின் ஃபேக்டரி இயங்கிவருகிறது. டி-72 டாங்குக்கும் டி-90 டாங்குக்கும் என்ஜின் இங்கே தயாராகிறது. 2018 ஜூலையில், முழுக்க உள்நாட்டிலேயே செய்த என்ஜின்களை இங்கே வைத்துத்தான் ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். அந்த என்ஜின்களின் பரம்பரையைக் கொஞ்சம் பாருங்கள். மூதாதை யார்? 1939இல் சோவியத் நாட்டில் தயாரிப்புக்கு வந்த வி-2 என்ற டீசல் என்ஜின். 12 சிலிண்டர், ஏறக்குறைய 38.8 லிட்டர், 500 குதிரைத் திறன். இரண்டாம் உலகப் போரில் டி-34 டாங்கை இழுத்தது அதுதான். அதன் வழியில் வந்த டி-72 என்ஜினுக்கு 780 குதிரைத் திறன். டி-90 என்ஜினுக்கு 1,000.

லிட்டர் கூடியதா? இல்லை. சிலிண்டர் கூடியதா? இல்லை. கூடியது உள்ளே போகும் காற்று. டி-72இல் காற்றை அழுத்தி ஊட்டும் கருவியை என்ஜினே பல்சக்கரம் வைத்துச் சுற்றியது. டி-90இல் அந்த வேலையை வீணாகப் போகும் புகையிடம் கொடுத்தார்கள், அதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை கோரிய யோசனை அது. அதே அளவு என்ஜினில் இரு மடங்கு திறன் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடுதல் சுமை எங்கே போய் விழுகிறது? பிஸ்டனில் விழுகிறது, பேரிங்கில் விழுகிறது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஒரு மில்லிமீட்டர் சொச்சத் தகட்டிலும் விழுகிறது. நம் ஊர் வீதியில் ஓடும் சின்ன டர்போ டீசல் காருக்கும் இதே கதைதான்.

அந்தத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், என்ன பாடுபடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 மில்லிமீட்டர் போர் உள்ள சிலிண்டர். அதன் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். இன்றைய டர்போ டீசலில் வெடிக்கும் நேரத்து அழுத்தம் 160 பார் வரை சாதாரணமாகப் போகும். பெருக்கினால் எட்டு டன் வருகிறது. ஒரு சிலிண்டரில் மட்டும், ஹெட்டைப் பெயர்த்து மேலே தூக்கப் பார்க்கும் விசை எட்டு டன்! 2,000 ஆர்.பி.எம்.மில் இது ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு ஆயிரம் முறை நடக்கிறது. ஒரு பக்கம் இந்த நெருப்பு. பக்கத்துத் துளையில் ஒரு பார் அழுத்தத்தில் தண்ணீர். அடுத்த துளையில் மூன்று நான்கு பார் அழுத்தத்தில் ஆயில். மூன்றும் ஒன்றையொன்று தொடக்கூடாது.

இதோடு விட்டதா? ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு என்றால் சூட்டில் இரண்டும் ஒரே அளவு நீளாது. 400 மில்லிமீட்டர் நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் அலுமினியம் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் நீள ஆசைப்படும். கீழே இருக்கும் இரும்பு அதில் பாதிதான் நீளும். ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும், நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கெட் தேய்படுகிறது. அதனால்தான் பழைய அஸ்பெஸ்டாஸ் கேஸ்கெட் போய், ஸ்பிரிங் ஸ்டீல் தகடுகளை அடுக்கி, மேலே மெல்லிய ரப்பர் பூச்சுப் பூசிய கேஸ்கெட் வந்தது. (பழைய வண்டியில் அஸ்பெஸ்டாஸ் கேஸ்கெட்டைச் சுரண்ட நேர்ந்தால் நனைத்துச் சுரண்டுங்கள். வாயால் ஊதாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.)

"இவ்வளவு தொல்லை எதற்கு? ஹெட்டும் வேண்டாம், கேஸ்கெட்டும் வேண்டாம்" என்று யாராவது யோசித்திருப்பார்களா? யோசித்தார்கள் ஐயா! அந்த என்ஜினும் இதே ஆவடியில் ஓடியது. இங்கே 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் வெளிவந்த விஜயந்தா டாங்கை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதனுள் இருந்தது இங்கிலாந்தின் லேலண்ட் வடிவமைத்த எல்-60. ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன். ஒரே சிலிண்டரில் மேலிருந்து ஒரு பிஸ்டனும் கீழிருந்து ஒரு பிஸ்டனும் எதிரெதிரே வந்து நடுவில் காற்றை நசுக்கும். மூடி போட வேண்டிய இடமே கிடையாது. ஹெட் இல்லை, ஆகவே ஹெட் கேஸ்கெட் இல்லை.

பிரச்சினை தீர்ந்ததா? அதே என்ஜின் பிரிட்டனின் சீஃப்டன் டாங்கிலும் இருந்தது. லைனர் விரிசலும் ஓயாத கசிவும் அதன் பெயரையே கெடுத்தன. ஹெட்டில் இருந்த தலைவலி லைனருக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். நெருப்பும் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் வரை நடுச்சுவருக்குச் சோதனை ஓயாது. ரயில்வேக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். ஆல்கோ டீசல் லோகோவில் 16 சிலிண்டர் என்றால் 16 தனித்தனி ஹெட். ஒன்று கசிந்தால் ஒன்றை மட்டும் தூக்கினால் போதும். நம் காரில் அந்த வசதி கிடையாது. ஒரு சிலிண்டர் கசிந்தாலும் முழு ஹெட்டும் இறங்க வேண்டும். ஆகவேதான் இறக்குவதற்கு முன் கேட்கிறேன்: அளந்தீர்களா?

கேஸ்கெட் ஏன் போகிறது? ஒரு டர்போ டீசல் காரை எடுத்துக்கொள்வோம். ஏழு பேர், கூரையில் பெட்டிகள், ஏ.சி. முழுவதும். ஆவடியில் விடியற்காலை கிளம்பித் திருவள்ளூர், திருத்தணி, புத்தூர் வழியாகத் திருப்பதி. அதுவரை சூடு காட்டும் முள் அசையவில்லை. மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் இரண்டாவது கியர், டர்போ முழு பூஸ்ட், முன்னால் மெதுவாக ஊரும் பஸ். வேகம் இல்லாததால் ரேடியேட்டருக்குக் காற்று இல்லை. ஃபேன் கிளட்சோ ஏற்கெனவே தளர்ந்தது. முள் சிவப்பைத் தொடுகிறது. "இன்னும் நாலு வளைவுதான், ஏறிடலாம்" என்கிறார் ஓட்டுநர். ஏறியும் விடுகிறார். கோவிந்தா கோவிந்தா! அந்த நாலு வளைவுக்குள் அலுமினிய ஹெட் வளைந்துவிட்டது. ஊர் திரும்பிச் சில வாரம் கழித்துத் தண்ணீர் குறைகிறது. பழி யார் மேல்? கேஸ்கெட் மேல்.

மலை ஏறித்தான் ஹெட் வளைய வேண்டும் என்பதும் இல்லை. நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் போதும். உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி உள்ளே செதில் கட்டுகிறது. அலுமினியம் துளைத்துளையாக அரிக்கிறது. கேஸ்கெட் உட்காரும் விளிம்பே கரைகிறது. "நம்ம ஊர்ல என்ன பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்ட் உறைவதைத் தடுக்க மட்டும் இல்லை. பாதிக்குப் பாதி கலந்து, நல்ல மூடி போட்டால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டும். துருவைத் தடுக்கும். சென்னை வெயிலுக்குத்தான் அது அதிகம் தேவை.

அடுத்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம். "எடுத்துவிட்டா தண்ணி நல்லா சுத்தும்" என்கிறோம். பல என்ஜின்களில் அந்த வால்வு திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே என்ஜினுக்குள் சுற்றும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை சூட்டைக் கூட்டும். இப்போது ரீமேப் என்று ஒரு மோகமும் சேர்ந்திருக்கிறது. கணினியில் பூஸ்டை ஏற்றுகிறார்கள், பிக்கப் பறக்கிறது. போல்ட் மட்டும் பழைய போல்ட்.

சரி, வண்டி வந்து நிற்கிறது. தண்ணீர் குறைகிறது, வெள்ளைப் புகை. கேஸ்கெட்தானா?

அவசரப்படாதீர்கள். டர்போ டீசலில் கேஸ்கெட்டைப் போலவே வேடம் போடும் ஆட்கள் பலர். முதல் ஆள் இ.ஜி.ஆர். கூலர். புகையைக் குளிர்விக்கும் அந்தப் பெட்டி உள்ளே விரிசல் விட்டால் தண்ணீர் நேராகச் சிலிண்டருக்குப் போகும். வெள்ளைப் புகை வரும், தண்ணீர் குறையும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இரண்டாம் ஆள் ஆயில் கூலர். அது ஓட்டையானால் ரிசர்வ் டேங்கில் ஆயில் மிதக்கும். மூன்றாவது, சில டர்போக்களின் நடு உடலில் தண்ணீர் ஓடும், அங்கும் கசியலாம். புகை நீல நிறமாக இருந்தால் டர்போவின் ஆயில் சீலைச் சந்தேகியுங்கள். இவர்களில் ஒருவர் குற்றம் செய்ய, நாம் ஹெட்டை இறக்கி, கேஸ்கெட் மாற்றி, பில் கொடுத்து அனுப்பினால் அடுத்த வாரமே அதே வண்டி அதே புகையோடு நம் வாசலில் நிற்கும். வண்டிக்காரர் என்ன சொல்வார் என்பதை நான் இந்த மேடையில் சொல்ல முடியாது.

எளிய சோதனையிலிருந்து தொடங்குங்கள். இரவு முழுக்க ஆறிய வண்டி. காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். ஆறிய வண்டியில் மட்டும், சூட்டில் ஒருபோதும் வேண்டாம். தண்ணீர் விளிம்பு வரை ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் நாலைந்து குமிழி வந்து நின்றால் அது அடைபட்ட காற்று. நிற்காமல், ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடிக்கொண்டே வந்தால், அது எரிந்த வாயு. மூடியைப் போட்ட நிலையில் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். என்ஜின் இன்னும் சூடாகவில்லை, ஹோஸ் மட்டும் கல்லாக விறைக்கிறது என்றால் தண்ணீர் கொதித்து வந்த அழுத்தம் இல்லை அது.

அதற்கப்புறம் நீல மருந்துச் சோதனை. ரேடியேட்டர் வாயில் குழாயை வைத்து, மேலே வரும் காற்றை மருந்து வழியாக இழுத்தால், எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். ஆனால் டீசலில் ஐட்லிங்கில் கரியமில வாயு குறைவு. மருந்து பச்சையோடு நின்றுவிடும் அல்லது மாறவே மாறாது. "மருந்து மாறலை, கேஸ்கெட் நல்லாயிருக்கு" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். என்ஜினுக்குச் சுமை கொடுத்துத் திரும்பப் பாருங்கள்.

உறுதியான சாட்சி காற்றுக் கசிவுச் சோதனை. குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, அந்தத் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விடுங்கள். காற்று எங்கே போகிறது? ரேடியேட்டரில் குமிழி என்றால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். பக்கத்துச் சிலிண்டரில் சீறினால் இரண்டுக்கும் நடுச்சுவரில் கேஸ்கெட் வெந்திருக்கிறது. ஆயில் மூடியில் வந்தால் ரிங். சைலன்சரில் வந்தால் வால்வு. வெறும் கம்ப்ரஷன் கேஜ் குறைவு என்று மட்டும் சொல்லும். எந்த வழியில் குறைகிறது என்று இதுதான் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. இரவு முழுக்கத் தண்ணீர் சிலிண்டரில் இறங்கிய வண்டியைச் செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள். தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். முதலில் குளோ பிளக்குகளைக் கழற்றி, கையால் சுற்றி வெளியேற்றுங்கள்.

இப்போது ஹெட்டை இறக்கலாம், அளந்துவிட்டோம். என்ஜின் முழுக்க ஆறட்டும். போல்ட்டை இரண்டு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். டர்போவின் ஆயில் குழாயைப் பிரித்ததும் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். இன்டர்கூலர் ஹோஸிலும் அப்படியே. ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் டர்போ காலி. இறக்கிய ஹெட்டை முகம் கீழாக மேசையில் வைக்காதீர்கள், இன்ஜெக்டர் நுனி மடங்கும்.

பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதைப் படியுங்கள். கறுப்புத் தடம் எந்தச் சிலிண்டரிலிருந்து எந்தத் துளைக்கு ஓடுகிறது? இரண்டு சிலிண்டருக்கு நடுவே மட்டும் என்றால் அங்கே வெப்பம் தேங்கியிருக்கிறது. தண்ணீர்த் துளையைச் சுற்றி அரிப்பு என்றால் தண்ணீர்தான் எதிரி. நாலா பக்கமும் ஒரே மாதிரி கசிந்திருந்தால் போல்ட் பிடிக்கவில்லை, அல்லது பூஸ்ட் எல்லை மீறியிருக்கிறது.

அடுத்து நேர்த்தட்டு, ஃபீலர் கேஜ். ஹெட்டின் நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை. எத்தனையோ என்ஜின்களுக்கு எல்லை வெறும் 0.05 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. பிளாக்கின் முகத்தையும் அப்படியே பாருங்கள். அதை அளக்கிறவர் பத்தில் ஒருவர்தான் இருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம். வளைந்த ஹெட்டை உடனே அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஃபேசிங்குக்கு அனுப்புகிறோம். நல்லது. ஆனால் ஹெட் வளைந்தால் கேம்ஷாஃப்ட் ஓடும் வரிசையும் சேர்ந்துதானே வளைந்திருக்கும்? அடியை மட்டும் சீவி நேராக்கினால் மேலே கேம் இறுகும். கேமை வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். விரிசலுக்குச் சூட்டில் அழுத்தச் சோதனை வையுங்கள். ரொம்பச் சூடேறிய அலுமினியம் மெத்தென்று ஆகிவிடும். அதன் கடினத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். சில டீசல் ஹெட்டுகளைச் சீவவே கூடாது என்று கம்பெனி கையேடே சொல்லும். அப்போது வேறு ஹெட்தான். புதுப்பேட்டையில் வாங்கும் பழைய ஹெட்டுக்கும் இதே சோதனைகள் உண்டு, விலக்கு கிடையாது.

முகத்தைச் சுத்தம் செய்யும்போது எமரியும் சுழலும் தேய்ப்பு வட்டும் வேண்டவே வேண்டாம். இதை நான் உரத்துச் சொல்ல வேண்டும். அதிலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத மணல் ஆயில் துளைக்குள் இறங்கும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், வெறும் ஆயில் படலத்தின் மேல் மிதந்து ஓடுகிறது. அங்கே அந்த மணல் போனால் என்ன ஆகும்? கேஸ்கெட்டைக் காப்பாற்றி டர்போவையும் கிராங்க் பேரிங்கையும் கொன்றிருப்போம். பிளாஸ்டிக் சுரண்டியும் கரைப்பானும் பொறுமையும் போதும்.

டீசலுக்கு இன்னொரு அளவு உண்டு. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பிளாக்கைவிட எவ்வளவு மேலே எட்டிப் பார்க்கிறது? டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் வாங்க வேண்டும். விளிம்பில் உள்ள வெட்டுகளோ துளைகளோ தடிமனைச் சொல்லும். ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையில் "டீசல் கேஸ்கெட் ஒண்ணு கொடுங்க" என்று வாங்கி வந்தால் போதாது. மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் இடிக்கும். தடித்ததைப் போட்டால் கம்ப்ரஷன் குறைந்து காலையில் ஸ்டார்ட் ஆகாது.

புதுக் கேஸ்கெட் மேல் அனபாண்ட் சீலன்ட் தடவலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். அது நல்ல சரக்குதான். அதன் இடம் ஆயில் சம்ப். ஸ்டீல் அடுக்குக் கேஸ்கெட்டுக்கு அதன் மேல் உள்ள பூச்சே போதும். கையேடு குறிப்பிட்டுச் சொன்ன மூலையைத் தவிர வேறெங்கும் வேண்டாம். டர்போவின் ஆயில் திரும்பும் குழாயில் தடவவே தடவாதீர்கள். பிதுங்கியது வழியை அடைக்கும்.

போல்ட்டுக்கு வருவோம். இன்றைய ஹெட் போல்ட் பெரும்பாலும் நீண்டு பிடிக்கும் வகை. ஒரு முறை நீண்டது நீண்டதுதான், புதிது போடுங்கள். பிளாக்கில் போல்ட் துளைக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் காற்றடித்து எடுங்கள். இல்லையென்றால் இறுக்கும்போது அந்தத் திரவம் நசுங்க இடமின்றிப் பிளாக்கையே பிளக்கும். இறுக்குவது நடுவிலிருந்து வெளியே, சுருள் போல. ஓர் என்ஜினுக்கு 40 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி என்று இருக்கலாம். உங்கள் என்ஜினுக்கு என்ன என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். டிகிரிக் கணக்கு எதற்கு? நாம் போடும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மீதி உராய்விலேயே போகிறது. உலர்ந்த மரையில் டார்க் ரென்ச் "கிளிக்" என்றாலும் உள்ளே பிடி இருக்காது. கோணம் உராய்வைப் பார்த்து ஏமாறாது. "நாப்பது வருஷக் கை சார், கைக்கே தெரியும்" என்பவர்களை வணங்குகிறேன். அந்தக் கையிலும் டார்க் ரென்ச்சைக் கொடுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. ஆயிலில் தண்ணீர் கலந்து பாலாகியிருந்தால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, மீண்டும் ஒரு முறை மாற்றுங்கள். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்னும். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலைக் கழுவி எடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் வாயில் சிறிது ஆயில் ஊற்றி, டீசல் வராதபடி செய்து, ஆயில் விளக்கு அணையும் வரை சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். கூலன்ட் ஊற்றும்போது ஹீட்டரைத் திறந்துவைத்துக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். உள்ளே நின்ற ஒரு காற்றுக் குமிழி, போட்ட கேஸ்கெட்டை அன்றைக்கே வேகவைக்கும்.

பில் எழுதும்போது கேஸ்கெட்டோடு நிறுத்தாதீர்கள். ரேடியேட்டர், மூடி, ஃபேன் கிளட்ச், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், டர்போ பூஸ்ட் இவற்றில் எது இந்த வேலையை வரவழைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். வண்டிக்காரரே, அந்த வரி இல்லாத பில்லுக்குப் பணம் எடுக்கும் முன் நீங்களும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

மேடைக்குக் கீழே அந்த நீள மேசையில் பழைய கேஸ்கெட்டுகள் சில வைத்திருக்கிறேன். ஒன்று நடுச்சுவரில் வெந்தது, ஒன்று உப்புத் தண்ணீர் தின்றது, ஒன்றில் எந்தக் குறையும் இல்லை, இ.ஜி.ஆர். கூலருக்குப் பதிலாகக் கழற்றப்பட்டது. எது எது என்று எழுதி ஒட்டவில்லை. மாணவத் தம்பி தங்கைகள் முதலில் வாருங்கள், ஃபீலர் கேஜும் அங்கேயே இருக்கிறது. அனுபவசாலிகள் கொஞ்சம் பொறுத்து வந்து அவர்கள் சொன்னது சரியா என்று பாருங்கள். கேள்விகளை அங்கேயே நின்று பேசிக்கொள்வோம்.